ஜோக்கரின் வாய் யாருடையது?

பள்ளிக்கரணையில் புதிதாக எழும்பும் அடுக்குமாடிகளில் திருஷ்டி பொம்மை தொங்கும், பார்த்திருப்போம். பல்லெல்லாம் தெரிய இளிக்கும் வாய். கண்ணில் மட்டும் சிரிப்பு இருக்காது. வாயும் கண்ணும் ஒத்துப்போகாததால்தான் நமக்குத் திக்கென்கிறது. பேட்மேன் கதையின் ஜோக்கர் முகமும் இதே கணக்குதான். அந்த வாய் வந்த கதையை டீ ஆறுவதற்குள் பார்த்துவிடலாம்.

1928-இல் ஹாலிவுட்டின் யுனிவர்சல் நிறுவனம் 'தி மேன் ஹூ லாஃப்ஸ்' என்ற மௌனப் படத்தை வெளியிட்டது. விக்டர் ஹியூகோவின் நாவல். பால் லெனி இயக்கம். நாயகன் க்வின்ப்ளெய்னுக்குச் சிறுவயதிலேயே வாயை அறுத்து, ஆயுசுக்கும் இளித்தபடி இருக்கச் செய்துவிடுகிறார்கள். அந்த வேடத்தில் ஜெர்மன் நடிகர் கான்ராட் வைட். ஒப்பனைக்காரர் ஜாக் பியர்ஸ் அவருக்கு ஒரு பல்செட் செய்து, அதன் கொக்கிகளால் உதட்டோரங்களை இழுத்து மாட்டினார். மாட்டியபின் வாய் திறந்து பேச முடியாது. மௌனப் படம் என்பதால்தான் அந்த வாய் சாத்தியமாயிற்று.

1940-இல் பேட்மேன் காமிக்ஸின் முதல் இதழுக்கு வில்லன் தேவைப்பட்டான். ஓவியர் ஜெர்ரி ராபின்சன் சீட்டுக்கட்டு ஜோக்கரைக் கொண்டுவந்தார்; கதாசிரியர் பில் ஃபிங்கர் வைட்டின் புகைப்படத்தைக் காட்டினார். படைத்தது யார் என்பதில் அவர்களுக்கும் பேட்மேன் ஓவியர் பாப் கேனுக்கும் கடைசிவரை வாக்குவாதம். புகைப்படத்தை மட்டும் யாரும் மறுக்கவில்லை. மலிவுத் தாளில், சின்னக் கட்டத்துக்குள், குரலே இல்லாமல் ஓர் ஆளை அடையாளம் காட்டியாக வேண்டும். மௌனப் பட நடிகருக்கும் அதே கஷ்டம்தானே? அதனால் அந்த முகம் அப்படியே பொருந்திவிட்டது.

இங்கேதான் எல்லோரும் தடுக்கி விழுகிறோம். வைட் நடித்ததும் வில்லன் வேடம் என்று நினைத்துக்கொள்கிறோம். இல்லவே இல்லை. க்வின்ப்ளெய்ன் பரம சாது. அவன் நேசிக்கும் டேயாவுக்குக் கண் தெரியாது; அந்த வாயை அவள் பார்த்ததே இல்லை. மற்றவர்கள் எதிரே அவன் துணியால் வாயை மறைத்துக்கொள்கிறான். அந்தப் படத்தின் புகைப்படம் கிடைத்தால் வாயைக் கட்டைவிரலால் மறைத்துப் பாருங்கள். மிஞ்சுவது அழப்போகிற மனிதனின் கண்கள். காமிக்ஸ்காரர்கள் வாயை எடுத்துக்கொண்டார்கள், கண்களை விட்டுவிட்டார்கள். எனக்கு அந்தக் கண்கள்தான் பெரிது.

வைட்டை நிஜ வில்லனாகப் பார்க்க, அதே 1940-இல் வந்த 'தி தீஃப் ஆஃப் பாக்தாத்' இருக்கிறது. அவர் மந்திரவாதி ஜாஃபர். எதிர்த்து நிற்கும் திருட்டுப் பையனாக மைசூர்ப் பக்கத்து யானைப்பாகன் மகன் சாபு. அதில் கொக்கியும் கிடையாது, பல்செட்டும் கிடையாது, கண்ணாலேயே மிரட்டுகிறார்.