மணி அடிக்காத டெலிபோன் ஊமை அல்ல!
அரம் போட்டு ராவினால் அதோகதிதான்!!

கோவில்பட்டி:
தீப்பெட்டி ஆபீஸ், பருத்தி கமிஷன் கடை, கடலைமிட்டாய் கடை என்று ஒரு காலத்தில் முதலாளி மேஜைகளில் கம்பீரமாக உட்கார்ந்திருந்தது கறுப்பு டெலிபோன். கரிசல் மண்ணைப் போலவே கன்னங்கரேல் நிறம்! 'டிரிங்... டிரிங்' என்றால் டிரங்க் கால் வந்துவிட்டது என்று கடையே பரபரக்கும்.

இப்போது பேரப்பிள்ளைகள் அதைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து லைனில் மாட்டுகிறார்கள். பேச்சு கேட்கிறது. மணிதான் அடிப்பதில்லை. "மணி போச்சுப்பா, பழைய இரும்புக்குப் போடு" என்று சொல்லிவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள்!

25 துடிப்பு

மணிக்கான கரண்ட் எக்ஸ்சேஞ்சிலிருந்துதான் வருகிறது. நம் நாட்டில் அது சுமார் 75 வோல்ட். வினாடிக்கு 25 துடிப்பு. பெங்களூரில் 1948-ல் தொடங்கிய ஐ.டி.ஐ. தொழிற்சாலையின் பழைய போன்களில் இருப்பது சாதாரண மணி. அது அடிக்காவிட்டால் வயர் இணைப்பையும் கண்டென்சரையும் முதலில் பாருங்கள். கிண்ணம் நாக்கை விட்டு விலகியிருந்தாலும் சத்தம் வராது. பைபர் மோடத்தில் மாட்டியிருந்தால், அது தரும் மணிக் கரண்டே பலவீனமாக இருக்கலாம்.

ஒரே கம்பி, ஐந்து வீடு!

அமெரிக்காவிலிருந்து ஆசையாக வாங்கி வரும் சில பழைய போன்களின் கதை வேறு. அந்த நாட்டுக் கிராமங்களில் அன்று பல வீடுகளுக்கு ஒரே கம்பி. ஒருவருக்குப் போன் வந்தால் எல்லார் வீட்டிலும் மணி அடித்தது. தொல்லைக்கு வழி கண்டார்கள்: ஒரு வீட்டு மணி 20 துடிப்புக்கு மட்டும் அடிக்கும், அடுத்தது 30, பிறகு 40, 50, 60. வேறு கம்பெனிகள் 25, 66 போன்ற துடிப்புகளையும் வைத்தன.

சூட்சுமம் மணியின் நாக்கில் இருக்கிறது. அதைத் தாங்குவது ஒரு எஃகுத் தகடு, நுனியில் எடைக்குண்டு. ஊஞ்சலை அதன் போக்குக்குத் தள்ளினால்தானே உயரும்? அதுபோல, தன் துடிப்பு வந்தால்தான் நாக்கு ஆடும். 50-க்கான மணி நம் 25-க்கு அசையவே அசையாது! '25' என்று பொறித்த மணி கிடைத்தால் அதிர்ஷ்டம்தான். அது நம் ஊர் லைனுக்கே ஒத்துவரும்.

என்ன செய்யலாம்?

எடைக்குண்டை ராவியோ தகட்டை வளைத்தோ சரிக்கட்டப் பார்க்கிறார்கள் சிலர். போன எடை திரும்பாது. மணி நிரந்தரமாகக் கெட்டுவிடும். அதற்குப் பதில் சாதாரண மணியையும் அதற்கேற்ற கண்டென்சரையும் மாற்றிப் பொருத்தலாம். பழைய மணியைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். அந்த மணியேதான் ஒலிக்க வேண்டும் என்றால், அதன் துடிப்பையே தரும் தனிக் கருவி வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: போனைத் திறக்கும் முன்பு லைனைக் கழற்றிவிடுங்கள். கை உள்ளே இருக்கும்போது யாராவது கூப்பிட்டால் 'சுரீர்' என்று அடிக்கும்!