வேறு வீட்டுப் பெயர் வெட்டிய பாத்திரங்கள்

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய அம்மாவுக்கு எழுபத்தொரு வயது. சிறுநீர்த் தொற்று வந்து, கல்ச்சர் டெஸ்ட் எடுத்திருக்கிறார்கள். ரிப்போர்ட்டில் மருந்துகளின் பெயர்களுக்கு நேரே வரிசையாக ‘ஆர்’ என்று வந்திருக்கிறது; அதாவது, அந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படாது. கடைசியில் இருந்த இரண்டுக்கு மட்டும் ‘எஸ்’. “அம்மா கஷாயத்திலேயே காலத்தை ஓட்டியவர். எனக்குத் தெரிந்து ஆன்டிபயாடிக் சாப்பிட்டது இரண்டு மூன்று தடவைதான். அதையும் டாக்டர் சொன்ன நாள்வரை ஒழுங்காகச் சாப்பிட்டார். அப்படியிருக்க, அவர் உடம்புக் கிருமி இத்தனை மருந்தையும் எதிர்க்க எங்கே போய்க் கற்றுக்கொண்டது?” என்று கேட்கிறார்.

அது கற்றுக்கொள்ளவில்லை, சகோதரி. வாங்கிக்கொண்டது.

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பித்தளைத் தூக்கு உண்டு. அதன் விளிம்பில் ‘நா.மு.’ என்று வெட்டியிருக்கும். எங்கள் குடும்பத்தில் அந்த எழுத்தில் யாரும் கிடையாது. என்றோ ஒருநாள் யார் வீட்டிலிருந்தோ குழம்பு வந்திருக்கிறது. தூக்கு திரும்பிப் போகவில்லை. ஒரு கோடை விடுமுறையில் அம்மா பரணைச் சுத்தம் செய்தபோது நானும் அக்காவும் உட்கார்ந்து எண்ணினோம். எங்கள் பெயர் வெட்டாத பாத்திரம் பதினொன்று தேறியது. அம்மா தினமும் கையாண்ட இட்லிக் கொப்பரையும் அதில் ஒன்று.

பாக்டீரியாவின் மரபணுத் தொகுதியைப் படிப்பவர்கள் செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதான். டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் இரண்டு, ‘ஜி’யும் ‘சி’யும், எந்த விகிதத்தில் வருகின்றன என்பது இனத்துக்கு இனம் மாறும். ஒரு கிருமியின் டி.என்.ஏ.வில் நூற்றுக்கு நாற்பத்தேழு என்று சீராக வந்துகொண்டிருந்த விகிதம் ஓரிடத்தில் சட்டென்று முப்பத்தைந்தாக இறங்கினால், அந்தத் துண்டு வேறு வீட்டுப் பாத்திரம்.

இப்படி வீடு மாறும் துண்டுகளில் பல வகை உண்டு. முதன்மை டி.என்.ஏ.வோடு ஒட்டாமல் தனி வளையமாக இருந்து, செல்லுக்குச் செல் கடந்துபோவது பிளாஸ்மிட். 1952இல் அந்தப் பெயரை வைத்தவர் ஜோஷுவா லெடர்பெர்க். ஒரே டி.என்.ஏ.வுக்குள் இடம்விட்டு இடம் தாவும் துண்டுகளை மக்காச்சோளத்தில் கண்டுபிடித்தவர் பார்பரா மெக்ளின்டாக். நோபல் பரிசு அவருக்கு 1983இல்தான் வந்தது. ஃபேஜ் என்பது பாக்டீரியாவைத் தொற்றும் வைரஸ்; போகிற இடத்தில் தான் சுமந்துவந்த மரபணுவை விட்டுவிட்டுப் போகும். உங்கள் அம்மாவுக்கு வந்தது பெரும்பாலும் ஈ.கோலியாக இருக்கும். ஆனால் இந்தக் கதையை நான் காலரா கிருமியை வைத்துத்தான் சொல்வேன். இருபது வருடமாக என்னை விடாமல் பிடித்துவைத்திருப்பது அதுதான்.

காலராவின் பெயர் பயங்கரமானதாக இருந்தாலும், அந்தக் கிருமி பிறப்பிலேயே கொலைகாரன் அல்ல. ஆறு கடலில் சேரும் கழிமுகத்தின் உப்பங்கழியில் வாழும் சாதாரண நீர்வாழ் பாக்டீரியா. மேல்தோலில் உள்ள சர்க்கரை அமைப்பை வைத்து அதை இருநூறுக்கும் மேற்பட்ட வகைகளாகப் பிரித்திருக்கிறார்கள். அவற்றில் கொள்ளைநோயாகப் பரவியவை ஓ1, ஓ139 என்ற இரண்டே இரண்டுதான். ஆளைச் சாய்ப்பது கிருமிகூட அல்ல, அது சுரக்கும் நச்சு. குடலிலிருந்து உப்பையும் தண்ணீரையும் வெளியே கொட்டவைத்துச் சில மணி நேரத்தில் உடம்பை வற்றடித்துவிடும்.

அந்த நச்சை உலகுக்குக் காட்டியவரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. ராபர்ட் கோக் 1884இல் கல்கத்தாவில் காலரா கிருமியைத் தனியே பிரித்து வளர்த்தார். அது நச்சைச் சுரக்கிறது என்று அவர் சந்தேகப்பட்டார். நிரூபிக்க யாராலும் முடியவில்லை. எழுபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1959இல், அதே கல்கத்தாவில் சம்புநாத் டே என்ற நோயியல் மருத்துவர் அதைச் செய்துகாட்டினார். கிருமி வளர்ந்த நீரை வடிகட்டிக் கிருமியை முழுக்க நீக்கினார். மிஞ்சிய நீரை முயலின் சிறுகுடலில், இரு புறமும் நூலால் கட்டிய ஒரு துண்டுக்குள் செலுத்தினார். கிருமியே இல்லாத அந்த நீருக்குக் குடல் பொங்கி நிறைந்தது. நூலும் முயலும் வடிகட்டியும் போதும் என்று காட்டிய சோதனை அது. அவரை நோபல் பரிசுக்குப் பரிந்துரைத்தவர், பிளாஸ்மிட்டுக்குப் பெயர் வைத்த அதே லெடர்பெர்க். நம் நாட்டின் அறிவியல் கழகம் ஒன்றுகூட டேயைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவில்லை. 1985இல் அவர் இறந்தார். நம் பள்ளிப் பாடப்புத்தகங்களில் கோக்குக்குப் பக்கத்தில் இவருக்கும் ஒரு பத்தி வேண்டும் என்று பல வருடமாகச் சொல்லிவருகிறேன், இனியும் சொல்வேன்.

டே காட்டிய நச்சுக்கான மரபணுவே காலரா கிருமியின் சொந்தச் சொத்து அல்ல என்பது 1996இல் தெரியவந்தது. மேத்யூ வால்டோரும் ஜான் மெகலானோஸும் கண்டது இது: நச்சு மரபணு ஒரு ஃபேஜுடையது. ஏழாயிரம் எழுத்துகளுக்குள் அடங்கிவிடும் நூல் போன்ற வைரஸ் அது. உப்பங்கழியில் திரிந்த பாக்டீரியாவுக்குள் நுழைந்து, அதன் டி.என்.ஏ.வோடு டி.என்.ஏ.வாகத் தைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. அது நுழைந்த வாசலும் இரவல்தான். குடலில் ஒட்டிக்கொள்ளக் கிருமி நீட்டும் மெல்லிய இழையைப் பிடித்துத்தான் ஃபேஜ் உள்ளே போகிறது. அந்த இழைக்கான மரபணுக்கள் இருக்கும் துண்டில்தான் நான் மேலே சொன்ன முப்பத்தைந்து விகிதம் வருகிறது. முதலில் யாரிடமிருந்தோ கதவு வந்திருக்கிறது. பிறகு அந்தக் கதவு வழியே நச்சு வந்திருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். அதற்கு இறால் ஓடு வேண்டும்.

நான் வளர்ந்தது நாகப்பட்டினம் பக்கம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா கொல்லையில் உட்கார்ந்து இறால் உரிப்பார். தலையைத் திருகி, ஓட்டைக் கழற்றி, முதுகில் ஓடும் கறுப்பு நரம்பை ஊசியால் இழுத்து எடுப்பார். ஓடுகள் தென்னை மரத்தடிக்குப் போகும். அந்த ஓடு கைட்டின் என்ற பொருளால் ஆனது. இறாலுக்கும் நண்டுக்கும் மட்டுமல்ல, கழிமுக நீரில் கோடிக்கணக்கில் மிதக்கும், இறாலுக்குத் தூரத்துச் சொந்தமான கோபிபாட் என்னும் சிற்றுயிருக்கும் அதுதான் சட்டை. காலரா கிருமிக்கு இந்த ஓடு வீடும் உணவும். அதன்மேல் கூட்டம் கூட்டமாகக் குடியேறி, கைட்டினைக் கரைத்துத் தின்னும்.

ஓட்டைத் தொட்ட கிருமி வேறு ஆளாக மாறுகிறது என்று 2005இல் தெரிந்தது. தண்ணீரில் தனியாக மிதக்கும்போது உறங்கிக்கிடந்த மரபணுக்கள், கைட்டினின் ருசி பட்டதும் விழித்துக்கொள்கின்றன. வெளியில் கிடக்கும் டி.என்.ஏ.வை உள்ளே இழுத்துக்கொள்ளும் திறன் வந்துவிடுகிறது. எப்படி இழுக்கிறது என்பதை 2018இல் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் படம்பிடித்தார்கள். தலைமுடியைவிடப் பத்தாயிரம் மடங்கு மெல்லிய இழை ஒன்று கிருமியின் உடம்பிலிருந்து நீள்கிறது. அருகில் கிடக்கும் டி.என்.ஏ.வில் அதன் நுனி ஒட்டுகிறது. உடனே இழை சுருங்கி அதை உள்ளே கொண்டுபோகிறது. தூண்டில் போட்டு மீனைத் தூக்குவது போலவே இருக்கும். அந்தப் படத்தை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை.

சரி, டி.என்.ஏ. அங்கே கிடப்பது எப்படி? காத்திருந்து பொறுக்குவதோடு கிருமி நிற்பதில்லை. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் மெலனி புளோகெஷின் குழு 2015இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சொல்கிறது. ஓட்டின்மேல் இருக்கும் காலரா கிருமி, தூண்டிலோடு கூடவே ஒரு ஈட்டியையும் தயார் செய்கிறது. உடம்புக்குள் சுருள்வில் போல அழுத்தி வைத்த குழாய். பக்கத்தில் இருப்பவன்மேல் பாயும், நுனியில் நச்சு. அதே குடும்பத்துக் கிருமிகளிடம் அந்த நச்சுக்கு மாற்று இருப்பதால் அவை தப்பிவிடும். அந்நியன் வெடித்துச் சிதறுவான். அவன் டி.என்.ஏ. வெளியே கொட்டும், தூண்டில் நீளும். ஒரே வீச்சில் ஒன்றரை லட்சம் எழுத்துகளுக்கு மேல்கூட இப்படிக் கைமாறும் என்று அதே குழு பிறகு அளந்து காட்டியது.

இது ஆய்வுக்கூட வேடிக்கை என்று நினைத்துவிட வேண்டாம். 1992ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் சென்னையில் காலரா பரவியது. மதுரையிலும் வேலூரிலும் நோயாளிகள் வந்தார்கள். ஓ1 வகையைக் கண்டுபிடிக்கும் சோதனைக்கு அந்தக் கிருமி பிடிகொடுக்கவில்லை. வழக்கமாகக் காலரா வரும் ஊர்களில் பெரியவர்களுக்கு ஓரளவு எதிர்ப்பாற்றல் இருக்கும், குழந்தைகள்தான் அதிகம் விழுவார்கள். இந்த முறை பெரியவர்களே விழுந்தார்கள். சில மாதங்களில் கல்கத்தா, பிறகு வங்கதேசம். ஓ139 என்று பெயரிடப்பட்ட அதை ஆராய்ந்தபோது, அது பழைய ஓ1தான் என்று தெரிந்தது. உள்ளே எல்லாம் அப்படியே இருக்க, மேல்தோலின் சர்க்கரைக்கான மரபணுத் தொகுப்பை மட்டும் வேறு எதனிடமிருந்தோ வாங்கி மாட்டிக்கொண்டிருந்தது. நம் உடம்பு அடையாளம் வைத்திருந்தது அந்தச் சட்டையைத்தான். 2007இல் புளோகெஷும் கேரி ஸ்கூல்னிக்கும் கைட்டின்மேல் ஓ1 கிருமியை வளர்த்து, ஓ139இன் டி.என்.ஏ.வைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரே படியில் சட்டை மாறியது.

ஓ139 இன்னொரு மூட்டையையும் சுமந்துவந்தது. எஸ்எக்ஸ்டி என்று அதற்குப் பெயர். கிருமியின் டி.என்.ஏ.வுக்குள் அடங்கியிருக்கும், வேளை வந்தால் தன்னைத்தானே கத்தரித்துக்கொண்டு வளையமாகி, பக்கத்துச் செல்லுக்குப் பாலம் போட்டுப் போய் அங்கேயும் உட்காரும். பழைய வீட்டிலும் ஒரு பிரதி இருக்கும். அந்த மூட்டைக்குள் இருப்பவை சல்ஃபாமெதாக்சசோல், டிரைமெதோபிரிம், ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற மருந்துகளை எதிர்க்கும் மரபணுக்கள்.

‘வேளை வந்தால்’ என்றேனே, அந்த வேளை எது என்பதுதான் உங்கள் கடிதத்துக்கான பதில். 2004இல் வால்டோரின் ஆய்வுக்கூடம் அதைக் கண்டுபிடித்தது. கிருமியின் டி.என்.ஏ. காயப்பட்டால் ஓர் அபாய மணி அடிக்கும். அந்த மணி கேட்டதும் எஸ்எக்ஸ்டியைப் பூட்டிவைத்திருக்கும் புரதம் உடைந்துபோகும். டி.என்.ஏ.வைக் காயப்படுத்துகிற பொருள்களில் ஒன்று, நம் மெடிக்கல் ஷாப்புகளில் வயிற்றுப்போக்கு என்று சொன்னதுமே எடுத்துக் கொடுக்கும் சிப்ரோஃப்ளாக்சசின். கிருமியைக் கொல்லப் போட்ட மாத்திரை, அது சாகாத அளவில் போய்ச் சேரும்போது, எதிர்ப்பு மூட்டையை ஊரெல்லாம் அனுப்பிவைக்கிறது.

உங்கள் அம்மா சாப்பிடாத மாத்திரையை, சகோதரி, ஊரில் வேறு யாரோ சாப்பிட்டிருக்கிறார்கள். சளிக்கு இரண்டு நாள் சாப்பிட்டு மூன்றாம் நாள் நிறுத்தியவர் ஒருவர். சளி வைரஸால் வருவது, அதற்கு அந்த மாத்திரை எதுவும் செய்யாது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. கோழிகள் சீக்கிரம் எடை கூடட்டும் என்று தீவனத்தில் கோலிஸ்டின் கலந்தவர் இன்னொருவர். வேறு எதுவும் கேட்காதபோது மருத்துவர்கள் கடைசியாகக் கையில் எடுக்கும் மருந்து அது. அதை எதிர்க்கும் மரபணு பிளாஸ்மிட்டில் ஏறி ஊர் சுற்றுகிறது என்று சீனாவிலிருந்து 2015இல் செய்தி வந்தது. இந்திய அரசு 2019இல்தான் பண்ணை விலங்குகளுக்கு அதைக் கொடுக்கத் தடை விதித்தது. இத்தனை பேர் உடம்பிலிருந்தும் பண்ணையிலிருந்தும் மருந்தும் கிருமியும் சாக்கடையில் சேர்கின்றன, சாக்கடை ஆற்றில் சேர்கிறது. அங்கே ஈ.கோலி பக்கத்தில் இருப்பதோடு பாத்திரம் மாற்றிக்கொள்கிறது. சுத்திகரிக்காத சாக்கடையை ஆற்றில் விடும் எந்த ஊருக்கும், ‘எங்கள் ஊரில் கிருமிகள் மருந்துக்குக் கேட்பதில்லை’ என்று ஆச்சரியப்பட உரிமை கிடையாது. கோபமாகத்தான் எழுதுகிறேன்.

காலராவிடம் ஒருமுறை திரும்பிப் போகிறேன். என் பாட்டி குடத்தின் வாயில் பழைய நூல்புடவைத் துணியை நான்காக மடித்துக் கட்டித்தான் தண்ணீர் பிடிப்பார். தூசிக்கு என்று நினைத்திருந்தேன். 2003இல் ரீட்டா கோல்வெல்லும் அவருடன் வேலை செய்தவர்களும் வங்கதேசத்தின் மத்லாப் பகுதியில் அறுபத்தைந்து கிராமங்களில் செய்த ஆய்வைப் படித்தபோது பாட்டி நினைவுக்கு வந்தார். பழைய சேலையை மடித்துத் தண்ணீரை வடிகட்டச் சொன்னார்கள். காலரா 48 சதவீதம் குறைந்தது. தனிக் கிருமி அந்தத் துணி வழியே தாராளமாகப் போய்விடும். ஆனால் கிருமிகள் கூட்டமாகக் குடியிருக்கும் கோபிபாட் துணியில் தங்கிவிடும். புதுச் சேலையைவிடத் துவைத்துத் துவைத்து நூல் உப்பிய பழைய சேலையே நன்றாகப் பிடிக்கிறது.

உங்கள் அம்மாவின் ரிப்போர்ட்டுக்கு வருகிறேன். ‘எஸ்’ போட்ட இரண்டில் எதைக் கொடுப்பது, எத்தனை நாள் என்பது மருத்துவர் சொல்ல வேண்டியது. அவர் சொன்ன கடைசி நாள்வரை கொடுங்கள். காய்ச்சல் நின்றதும் நிறுத்திவிட்டு, மிச்ச மாத்திரையை அலமாரியில் வைத்துப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுக்க வேண்டாம். ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாமல் அம்மாவின் மருந்துப் பெட்டியிலேயே மடித்து வையுங்கள். மறுபடி தொற்று வந்தால், எந்த ஊர் மருத்துவமனையானாலும், முதலில் அதை எடுத்துக் காட்டுங்கள். புதிதாக ஒரு கல்ச்சரும் எடுக்கச் சொல்லுங்கள். இதற்குள் அந்தக் கிருமி வேறு ஏதாவது வாங்கியிருக்கலாம்.