எலும்பு உருகுமா?

மெழுகு உருகும். வெண்ணெய் உருகும். எலும்பு உருகுமா?

உருகாது. ஆனாலும் காச நோய்க்குத் தமிழில் இன்னொரு பெயர், "எலும்புருக்கி நோய்"!

தாம்பரத்துக்காரர்களுக்கு இந்த நோயின் கதை தெரியும். அங்கே ஒரு ரெயில் நிலையத்துக்கே "தாம்பரம் சானடோரியம்" என்று பெயர். காச நோயாளிகளுக்காக டாக்டர் சவுரி முத்து 1928-ம் ஆண்டில் அங்கு ஓர் ஆஸ்பத்திரியை நிறுவினார். 1937-ல் அரசாங்கம் அதை ஏற்றுக்கொண்டது.

நோய்க்கு ஏன் இந்தப் பெயர்? நோயாளி நாளுக்கு நாள் மெலிவார். கன்னம் ஒட்டிப்போகும். நோய்க் கிருமியை ராபர்ட் காக் கண்டுபிடித்ததே 1882-ல்தான். அதற்கு முன்பு, உள்ளே நடப்பது யாருக்குத் தெரியும்? எலும்பே உருகுவது போல் தோன்றியது. அதையே பெயராக வைத்துவிட்டார்கள்!

கண்ணுக்குத் தெரியாததை, தெரிந்ததைக் கொண்டு காட்டுவது. உவமையின் வேலை இதுதான்.

வலிக்கு உருவம் உண்டா?

"நெஞ்சு வலிக்கிறது" என்கிறார் நோயாளி. "எப்படி வலிக்கிறது?" என்று டாக்டர் கேட்கிறார்.

"ஊசி குத்துவது போல" என்பார் ஒருவர். "பாறாங்கல்லை வைத்தது போல" என்பார் இன்னொருவர். அங்கே ஊசியும் இல்லை, கல்லும் இல்லை. ஆனால் இரண்டும் வேறு வேறு வலி என்பது டாக்டருக்குப் புரிந்துவிடுகிறது.

பள்ளிக்கூடமே போகாத பாட்டியும் இப்படித்தான் பேசுகிறாள். கவிஞரும் இதையே செய்கிறார்.

குறுந்தொகையில் ஒரு புலவர், இரண்டு நெஞ்சங்கள் கலந்ததைச் சொல்ல வந்தார். செம்மண்ணில் விழுந்த மழை நீரைக் காட்டினார். அந்த மண்ணையும் நீரையும் பிரிக்க முடியுமா? புலவரின் சொந்தப் பெயர் மறைந்துவிட்டது. உவமையே பெயராக நின்றுவிட்டது: செம்புலப்பெயனீரார்!

உவமை எது? உருவகம் எது?

"கோபம் தீயைப் போன்றது" என்றால் உவமை. இரண்டையும் ஒன்றாக்கி, "கோபத் தீ" என்றால் உருவகம்.

தொல்காப்பியத்தில் "உவமவியல்" என்று தனிப் பகுதியே உண்டு. ஒப்புமை நான்கு வகையில் பிறக்கும் என்கிறது அது.

புலி போலப் பாய்ந்தான் - இது செயல்.
மழை போலக் கொடுத்தான் - இது பயன்.
உடுக்கை போன்ற இடை - இது வடிவம்.
பவளம் போன்ற உதடு - இது நிறம்.

ஆகவே, ஓர் உவமையைப் படித்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "இரண்டுக்கும் எதில் ஒற்றுமை?" அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மற்றதை விட்டுவிடுங்கள். புலிக்கு வால் உண்டு என்பதற்காக, வீரனுக்கும் வாலைத் தேடலாமா?

பெயரைக் கண்டு பயம் வேண்டாம்

விடத் தெரியாவிட்டால் உவமையே நம்மைப் பயமுறுத்தும். "எலும்புருக்கி" என்ற சொல்லைக் கேட்டே நடுங்கியவர்கள் எத்தனை பேர்! நோயை மறைத்தவர்கள் எத்தனை பேர்!

காச நோய்க் கிருமி பெரும்பாலும் நுரையீரலைத்தான் தாக்குகிறது. சிலருக்கு எலும்பையும் தாக்கும். ஆனால் மெழுகு போல எதுவும் உருகி ஓடிவிடுவதில்லை. இன்று மருந்து இருக்கிறது. பெரும்பாலோர் ஆறு மாதம் விடாமல் மருந்து சாப்பிட்டால் குணமாகிவிடுகிறார்கள். அரசு ஆஸ்பத்திரிகளில் அது இலவசம்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் உடனே பரிசோதனை செய்துகொள்ளுங்கள். "எலும்புருக்கி" என்பது அந்த நாளின் பயம் பேசிய பேச்சு. எலும்பு உருகாது!