பத்தமடைப் பாய் படத்தோடு ஒரு வரி: 'ஆல்ட் டெக்ஸ்ட்' ஏன் முக்கியம்?

தாமிரபரணிக் கரைக் கோரையில் நெய்யும் பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு உண்டு. ஆனால், அதை விற்கும் இணையதளத்தில் படத்தின் பெயர் 'ஐஎம்ஜி_2041' என்று மட்டும் இருந்தால்?

பார்வையற்றவரின் மொபைலில் 'டாக்பேக்' அந்த எண்ணைப் படிக்கும்; இல்லையென்றால் "படம்" என்று சொல்லி நகர்ந்துவிடும். நிறம் என்ன, பார்டர் எப்படி, எதுவுமே தெரியாது. வாங்க வந்தவர் கிளம்பிவிடுவார். கூகுளும் படத்தைப் புரிந்துகொள்ள ஆல்ட் டெக்ஸ்ட்டையும், சுற்றியுள்ள எழுத்தையும் பார்க்கிறது.

என்ன செய்யலாம்?

* "பாய்" என்ற ஒற்றைச் சொல் போதாது. "சிவப்பு பார்டர் போட்ட பத்தமடைக் கோரைப் பாய், பாதி சுருட்டியது" என எழுதுங்க.
* "பாய், பெஸ்ட் பாய், சீப் பாய்" என அடுக்காதீங்க. கேட்பவருக்கு எரிச்சல், கூகுளுக்கு ஸ்பேம்.
* வெறும் அலங்காரப் படம் என்றால் ஆல்ட்டைக் காலியாக விடுங்க.
* ஃபைலுக்கும் பொருளின் பெயரையே வைங்க. சைஸைக் குறைத்தால் சிக்னல் குறைவான இடத்திலும் பக்கம் சட்டென்று திறக்கும்.

இது வெறும் எஸ்இஓ டிப்ஸ் இல்லை. இ-கேஒய்சி சிக்கல் தொடர்பாக ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்ற ஒருவரும் தொடர்ந்த வழக்குகளில், டிஜிட்டல் வசதியும் வாழ்வுரிமையின் ஒரு பகுதியே என 2025 ஏப்ரல் 30-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த உரிமையில் உங்கள் பங்கு, படத்துக்கு ஒரு வரி.