சீட்டு எழுதினால் போதுமா?

ஈரக் கற்களின்மீதும் தேங்கிய நீரிலும் நீலங்கலந்த பசுமையாகப் படரும் பாசியை நாம் கண்டிருக்கிறோம். வழுக்கிவிடும் என்று அஞ்சி ஒதுங்கி நடப்பதன்றி, அதைப் பற்றி எண்ணிப் பார்ப்பதில்லை. நீலப்பசும்பாசி எனப்படும் இத்தகைய நுண்ணுயிர்களே 200 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர், சூரிய ஒளியால் உணவு ஆக்கி, பிராணவாயுவை வெளியிட்டு, உலகின் காற்றையே மாற்றியமைத்தன.

இவ்வுயிரணுவை ஒரு தோட்டத்திற்கு ஒப்பிடலாம். எந்தப் புரதத்தை எவ்வாறு செய்வது என்னும் குறிப்புகள் யாவும் டி.என்.ஏ. என்னும் பேரேட்டில் உள்ளன. அன்றைய வேலைக்கு வேண்டிய பகுதி மட்டும் ஆர்.என்.ஏ. என்னும் துண்டுச் சீட்டாகப் படியெடுக்கப்படுகிறது. சீட்டு எழுதியவுடன் வேலை நடந்துவிடுமா? பெரட்டுக்குப் பின் எந்த நிரைக்குச் செல்வது என்று காட்ட மண்டோர் வேண்டுமல்லவா? உயிரணுவில் அப்பணியைச் செய்பவை, ஆர்.என்.ஏ.வைப் பற்றிக்கொள்ளும் புரதங்களாகும்.

அவற்றின் தேவை யாது? ஒளியைப் பயன்படுத்தும் கருவியில் டி-1 என்னும் புரதம் உண்டு. உழைக்கும்போதே அது ஒளியால் பழுதடைகிறது. மழுங்கிய கத்தியை மீண்டும் மீண்டும் தீட்டுவதுபோல, பழுதான டி-1க்குப் பதிலாகப் புதியதை ஓயாமல் செய்துவைக்க வேண்டும். தாமதித்தால் உணவு உற்பத்தி குன்றும். ஆகவே அதற்குரிய சீட்டு, வேலை நடக்கும் சவ்வின் அருகிலேயே இருத்தல் நலம்.

சினிகோசிஸ்டிஸ் என்னும் நீலப்பசும்பாசியில் ஆர்.பி.பி.-2, ஆர்.பி.பி.-3 என்னும் இரு புரதங்கள் இச்சீட்டுகளைச் சவ்வருகே சேர்க்கத் துணைபுரிகின்றன என்று 2020-ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று காட்டியது. இவை இல்லையெனில் சீட்டுகள் இடம் மாறிச் சிதறுகின்றன.

வேறு பணிகளும் உள. குளிரில் ஆர்.என்.ஏ. மடிந்து சிக்கிக்கொள்ளும், அச்சிக்கலைப் பிரிப்பதற்கென்றே ஒரு புரதம் உண்டு. ஒளியில் மட்டும் வேண்டிய சீட்டை இருளில் வெட்டி அழிப்பது மற்றொரு புரதம். பழைய சீட்டு கையில் இருந்தால் வீண் வேலைதானே நடக்கும்!

இது நமக்கு எட்டாத செய்தியன்று. ரப்பர் மர இலையில் உணவு ஆக்கும் பசுங்கணிகங்கள், பண்டைய நீலப்பசும்பாசியின் வழிவந்தவையே. அங்கும் டி-1 பழுதடைகிறது, புதுப்பிக்கப்படுகிறது. இலை ஆக்கும் அவ்வுணவிலிருந்தே மரம் பால் சுரக்கிறது. நம் கோப்பையில் சொட்டும் பாலுக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இத்தனை உழைப்பு இருக்கிறது.