அஞ்சு ரூபாய் டாக்டர் காட்டிய வழி: குடும்ப டாக்டர் கவனிப்பு இன்று எங்கே கிடைக்கும்?

வடசென்னையில் 'அஞ்சு ரூபாய் டாக்டர்' என்றால் இரண்டு பேர் நினைவுக்கு வருவார்கள். ஒருவர், பழைய வண்ணாரப்பேட்டை டாக்டர் எஸ்.ஜெயச்சந்திரன். காஞ்சிபுரம் மாவட்டத்துக் கிராமத்திலிருந்து வந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 2018 டிசம்பரில் மறைந்தார். இன்னொருவர், வியாசர்பாடி டாக்டர் திருவேங்கடம். ராயபுரம் பக்கத்து ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 2020 ஆகஸ்டில் காலமானார். இருவருமே 1970-களில் இரண்டு ரூபாய் ஃபீஸில் தொடங்கியவர்கள். பல ஆண்டுகள் கழித்தும் அது அஞ்சு ரூபாயைத் தாண்டவில்லை.

ஃபீஸ் குறைந்தால் என்ன ஆகும்?

துறைமுகத்தில் மூட்டை தூக்குபவருக்கும், காசிமேட்டில் மீன் விற்கும் அம்மாவுக்கும் ஒருநாள் லீவு என்றால் ஒருநாள் கூலி போச்சு. அதோடு டாக்டர் ஃபீஸும் சேர்ந்தால், 'ரெண்டு நாள் பார்ப்போம்' என்று மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். ஃபீஸ் பயம் இல்லை என்றால் முதல் நாளே டாக்டரிடம் வருவார்கள். நோய் முற்றாமல் பிடிபடும்.

சுகரும் பிரஷரும் ஆரம்பத்தில் வலிக்காது. வலிக்காததால் பாதியில் மாத்திரையை நிறுத்திவிடுகிறோம். பிறகு கிட்னி, கண், இதயம் என்று பாதிப்பு வந்து நிற்கும். ஒரே டாக்டர் வருஷக்கணக்கில் பார்த்தால், 'அப்பாவுக்குச் சுகர் இருந்ததே, நீயும் டெஸ்ட் பண்ணு' என்று சொல்ல முடியும். குடும்ப டாக்டரின் பலமே இந்தத் தொடர்ச்சிதான்.

அந்தக் கவனிப்பு இன்று எங்கே?

• நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம்: காய்ச்சல், இருமல், சுகர், பிரஷர் என எதுவானாலும் முதலில் இங்கே போகலாம். பார்ப்பதும் மருந்தும் இலவசம். ஒவ்வொரு தடவையும் இடம் மாறாமல் ஒரே நிலையத்துக்குப் போங்கள்.

• மக்களைத் தேடி மருத்துவம்: 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய திட்டம். சுகர், பிரஷர் உள்ளவர்களுக்கு வீட்டுக்கே மாத்திரை வரும். நடமாட முடியாதவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் உண்டு. உங்கள் பகுதி சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

• 104: உடம்பு சம்பந்தமான சந்தேகங்களுக்குப் போனில் ஆலோசனை கேட்கலாம். மார்வலி, மூச்சுத்திணறல், விபத்து என்றால் தாமதிக்காமல் 108.

• இ-சஞ்சீவனி: போனிலேயே வீடியோ வழியாக டாக்டரிடம் பேசலாம். கட்டணம் இல்லை. அவசர நோய்களுக்கு இது பொருந்தாது.

• முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்: ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. விவரங்களுக்கு 1800 425 3993.

உங்கள் பங்கு என்ன?

குடும்ப டாக்டர் மனசில் வைத்திருந்த விவரங்களை இப்போது நீங்கள் போனில் வைத்துக்கொள்ளலாம். வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனி ஆல்பம் போட்டு, மருந்துச் சீட்டு, லேப் ரிசல்ட், மாத்திரை அட்டை எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதையும் எழுதுங்கள். 14 இலக்க ஆபா எண் எடுத்தால் மருத்துவப் பதிவுகளை அதோடு இணைத்துக்கொள்ளலாம்.

டாக்டரிடம் உங்கள் வேலையையும் மறக்காமல் சொல்லுங்கள். எண்ணூரில் நிலக்கரி தூசி நடுவே நிற்பவரின் இருமலும், திருவொற்றியூரில் வெல்டிங் செய்பவரின் இருமலும், வீட்டில் இருப்பவரின் இருமலும் ஒன்றல்ல. கேட்கும் வரை காத்திருக்காதீர்கள், நீங்களே சொல்லிவிடுங்கள்.

இந்த வாரமே ஒரு வேலை: வீட்டில் 30 வயது தாண்டியவர்கள் எல்லோரையும் அருகிலுள்ள சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போய், சுகரும் பிரஷரும் பார்த்துவிட்டு வாருங்கள்.