விலகிப் போக இடமில்லாத நாய்

நாயைப் பகலில் பார்த்துக்கொள்ள ஓர் இடம், அதற்குக் கட்டணம் என்று காவாந்தண்டலத்தில் சொன்னால் சிரிப்பார்கள். உத்திரமேரூர் பக்கத்துக் கிராமங்களில் நாய் வைக்கோல்போரடியில் படுக்கும், வரப்பில் நடக்கும். பிடிக்காத நாய் எதிரே வந்தால் வாய்க்காலைத் தாண்டி ஒதுங்கிவிடும். தெருவுக்குத் தெரு எல்லை உண்டு, சண்டையும் உண்டு. ஆனாலும் பல சண்டைகள் உறுமலோடு முடிந்துவிடுகின்றன. தோற்ற நாய் ஓடுவதற்குத்தான் வயல் கிடக்கிறதே!

சென்னை அடுக்குமாடி நாய்க்கு அந்தச் சலுகை இல்லை. வேலைக்குப் போகிறவர்கள் காலையில் அதை டே கேரில் விட்டு, மாலையில் அழைத்துப் போகிறார்கள். உள்ளே முன்பின் தெரியாத நாய்கள், நாலு சுவர், ஒரு கேட். ‘முரடு’ என்று நாம் பெயர் வைக்கும் நாய்களில் பல, பயந்துபோய் விலக வழி தேடுகிறவைதான்.

அந்தப் பயத்தை நாய் மறைப்பதில்லை. முகத்தைத் திருப்பும், மூக்கை நக்கும், தூக்கம் வராமலே கொட்டாவி விடும். கண்ணின் வெள்ளை தெரிய ஓரப்பார்வை பார்க்கும். பிறகு அப்படியே விறைத்து நிற்கும். நார்வே பயிற்சியாளர் துரித் ருகாஸ் இப்படிப்பட்ட சைகைகளைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதியிருக்கிறார். வாலாட்டினால் சந்தோஷம் என்பதும் பாதி உண்மைதான். விறைத்து நிமிர்ந்த வால் படபடவென ஆடினால் கிட்டே போகக்கூடாது. இத்தனையும் பலிக்காதபோதுதான் உறுமல் வருகிறது. அதற்காக அடித்தால் நாய் உறுமுவதை விட்டுவிடலாம், கடிப்பதை விடாது. எச்சரிக்காமல் கடிக்கும் நாயை இப்படித்தான் நாமே உருவாக்குகிறோம்.

‘யார் தலைவன் என்று நாய்க்குக் காட்ட வேண்டும்’ என்கிற பேச்சு இன்னும் ஓயவில்லை. 1947-இல் விலங்கு ஆய்வாளர் ருடால்ஃப் ஷென்கல், பேசல் மிருகக்காட்சி சாலையில் அடைபட்ட ஓநாய்களைப் பார்த்து எழுதிய ஆய்விலிருந்து கிளம்பியது அது. ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1970-இல் தம் புத்தகத்தில் அதைப் பரப்பினார். பிறகு காட்டில் ஓநாய்களை நேரில் கவனித்து, 1999-இல் அவரே மறுத்தும் எழுதினார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தகப்பன், பிள்ளைகள். அங்கே தலைமைக்கு அடிதடி அபூர்வம். ஒட்டு உறவில்லாத ஓநாய்களை ஒரே வேலிக்குள் அடைத்ததால் வந்த சண்டையைத்தான் ஓநாயின் இயல்பு என்று நினைத்துவிட்டார்கள். டே கேர் நடத்துகிறவர்கள் இதை ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும்.

வேலை தெரிந்தவர்கள் புது நாயைக் கூட்டத்துக்குள் அவிழ்த்துவிட மாட்டார்கள். நிதானமான ஒரு நாயோடு, இடைவெளி விட்டு, வெளியே இணையாக நடத்திப் பழக்குவார்கள். சாப்பாடு தனித்தனியே. பந்து, எலும்பு எதுவும் தரையில் கிடக்காது. மத்தியானம் ஒவ்வொன்றுக்கும் தனி அறையில் தூக்கம். வாய்மூடியையும் தீனி கொடுத்துக் கொடுத்துப் பல நாளில் பழக்குவார்கள். சண்டை மூண்டால் நடுவே கையை விடாமல் பலகையை நுழைப்பார்கள், தண்ணீரை ஊற்றுவார்கள். வேலையாட்கள் ரேபிஸ் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டிருப்பார்கள். பல் பட்டால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குப் போவார்கள். இத்தனைக்குப் பிறகும் சில நாய்களுக்குக் கூட்டம் ஒத்துவராது. அவற்றை வேண்டாம் என்று திருப்பி அனுப்புகிற டே கேரைத்தான் நான் நம்புவேன்.

2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர்கள் 5 வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறியதும் பேச்செல்லாம் இனத்தைப் பற்றியே போனது. இனம் பொருட்டே இல்லை என்று சொல்லவில்லை. பெரிய தாடை பெரிய காயம் செய்யும். ஆனால் நாயின் வாரைக் கையில் பிடித்திருப்பவரைப் பற்றியும் பேசியாக வேண்டும். ‘மூர்க்கம்’ என்ற முத்திரை தெருநாய்கள் மீதும் விழுகிறது. 2025 ஆகஸ்ட் 22-இல் உச்ச நீதிமன்றம், கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த தெருநாய்களைப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. வெறிநோய் கண்டவற்றுக்கும் மூர்க்கமானவற்றுக்கும் மட்டும் அப்போது விலக்கு. வலையில் சிக்கிய எந்த நாயும் மூர்க்கமாகத்தான் தெரியும். அந்தக் கணத்தை வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது.

நாயை டே கேரில் விடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘எங்க பையன் பரம சாது’ என்று சொல்லிவிட்டு அவசரமாகக் கிளம்பாதீர்கள். எப்போது, யாரை, எதற்காகக் கடித்தது என்பதை முழுசாகச் சொல்லிவிட்டுப் போங்கள்.